40 முதல் 50 வரை

2014 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 162 உரிமையியல் நீதிபதி பணியிடங்களுக்கு விளம்பரம் வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடும் அதில் இருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 50 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. 40-க்குக் கீழே இருப்பவர் ஒதுக்கீட்டுக்கு உரியவர் அல்ல. 50-க்கு மேலே இருப்பவர் நீதிபதி வேலைக்கு ஆகாதவர். நடுவில் இருக்கும் பத்து சதவீத இடுக்குக்குள் யாருடைய பார்வை அடங்குகிறதோ அவர் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்குச் சான்றிதழில் இருந்த அளவு 70 சதவீதம். அவர் நிராகரிக்கப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2019 ஜனவரி 22 அன்று அங்கேயும் தோற்றார். நீதிபதி என்பவர் ஆவணங்களைப் படிக்க வேண்டும், சாட்சியம் பதிவு செய்ய வேண்டும், ஆகவே பார்வைக் குறைபாட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்ததில் தவறில்லை என்ற அரசின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டம் படித்தவர்கள் இதை சுரேந்திர மோகன் வழக்கு என்பார்கள்.

அந்தத் தீர்ப்பை முதல்முறை படித்தபோது என்னை உறுத்தியது தீர்ப்பின் முடிவு அல்ல. அந்த மனிதரால் ஓர் ஆவணத்தை எப்படிப் படிக்க முடியும், என்ன கருவி கொடுத்தால் எவ்வளவு வேகத்தில் படிப்பார், சாட்சி சொல்வதை எப்படிக் குறித்துக்கொள்வார் என்ற கேள்விகளில் ஒன்றுகூட அதில் மையமாக இல்லை. 70 என்ற எண் 50 என்ற எண்ணைவிடப் பெரியது. வழக்கு அந்தக் கழித்தல் கணக்கிலேயே முடிந்துவிட்டது.

இத்தனைக்கும், பிறந்து 16 மாதத்தில் மூளைக்காய்ச்சலில் பார்வையை முழுவதுமாக இழந்த ஜாக் யாகூப், தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 1998 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்தவர். டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். ஒரு நாட்டின் அரசியலமைப்பையே பொருள் கொண்டு சொல்ல முடிந்தவரைப்போன்ற ஒருவர் இங்கே ஒரு தாலுகா நீதிமன்றத்தில் உட்கார விண்ணப்பம்கூடப் போட முடியாது என்பதுதான் 2014 விளம்பரத்தின் பொருள்.

இந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது? அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்கிறோம். கண் என்றால் நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் எத்தனை வரி படிக்க முடிகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். கை கால் என்றால் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அரசிதழில் வெளியான அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டிக் கழித்து ஓர் எண் எழுதுகிறார்கள். பிறகு பேருந்துச் சலுகை, உதவித்தொகை, அடையாள அட்டை எல்லாம் அந்த எண்ணின் பின்னாலேயே வருகின்றன. யாருக்கு உதவித்தொகை, யாருக்கு இல்லை என்று பிரிக்க ஓர் அரசுக்கு அளவுகோல் தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. உடம்பில் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கச் செய்த கோலை, ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்று அளக்க எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. பிரெயில் தெரியுமா, கணினியைக் காதால் கேட்டே இயக்கத் தெரியுமா, இருபது வருடமாக ஒற்றைக் கையால் எழுதிப் பழகியவரா என்பதெல்லாம் அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இந்தியாவில் இதற்கான முதல் பெரிய சட்டம் 1995-இல் வந்தது. 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது: பார்வைக்கு ஒன்று, செவித்திறனுக்கு ஒன்று, கை கால் இயக்கத்துக்கு ஒன்று. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தெந்தப் பணியிடம் பொருத்தமானது என்று முதலில் ‘அடையாளம் காண வேண்டும்’ என்ற வாசகம் ஒன்று அதில் இருந்தது. அடையாளம் காணவே இல்லை என்றால் ஒதுக்கீடும் இல்லை என்று துறைகள் பல வருடம் அதைப் பிடித்துக்கொண்டன. 2006-இல் குடிமைப்பணித் தேர்வு எழுதி வென்ற பார்வையற்ற ஒருவருக்கு இதே காரணம் சொல்லப்பட்டது. சட்டம் வந்த நாளிலிருந்தே இடம் ஒதுக்கும் கடமை இருக்கிறது, பட்டியல் போடாமல் இருந்துகொண்டு அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அவருக்கு வழி திறந்தது. அதன் பிறகும் 3 சதவீதத்தை எதிலிருந்து கணக்கிடுவது என்ற இழுபறி தொடர்ந்தது. அடையாளம் கண்ட பணியிடங்களில் மட்டும் 3 சதவீதம் என்றது அரசு. பணித்தொகுதியின் மொத்த இடங்களையும் வைத்தே கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபர் 8 அன்று தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம். சட்டம் நடைமுறைக்கு வந்து பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதன் கூட்டல் கணக்கு தெளிவாயிற்று.

ஒதுக்கீடு வேறு, பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு வேறு. ஒதுக்கீடு ஒரு நாற்காலியை எடுத்து வைக்கிறது. அந்த நாற்காலி வரை போகப் படியேற வேண்டியிருந்தால், அதன் முன்னால் இருக்கும் மேசையில் படிக்க முடியாத தாள்கள் இருந்தால், ஒதுக்கீடு அதற்குப் பதில் சொல்லாது. பதில் சொல்வது இன்னொரு கருத்து. அதைச் சொல்வதற்கு முன், எனக்கு அது எப்படிப் புரிந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி முதலாண்டில் இருந்தபோது, பார்வையற்ற மாணவி ஒருவருக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கப் போனேன். அவர் முதுகலை வரலாறு. எழுதிக்கொடுப்பவர் அந்தப் பாடம் தெரிந்தவராக இருக்கக் கூடாது என்பதால் அறிவியல் மாணவனான என்னைப் பிடித்தார்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். வினாத்தாளை முழுக்க ஒரு முறை படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “மூணாவது கேள்வியை மட்டும் இன்னொரு தடவை படிங்க தம்பி” என்றார். அதோடு மனதில் வரிசை போட்டுவிட்டார். சொல்லத் தொடங்கினார்.

நான் எழுதி முடிக்கும்வரை அவர் அடுத்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அரசர் பெயர்கள் எனக்குப் புதிது, எழுத்து எழுத்தாகச் சொன்னார். “இதுவரைக்கும் எத்தனை பக்கம் வந்திருக்கு?” என்று அடிக்கடி கேட்டார். தன் விடை எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை. இரண்டு மணி நேரம் போனபோது ஐந்தில் மூன்றுதான் முடிந்திருந்தது. கூடுதல் நேரம் உண்டா என்று அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்டார். கண்காணிப்பாளர் என்னைக் காட்டி, “எழுதுற பையனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானேம்மா இருக்கு, அப்புறம் எதுக்கு எக்ஸ்ட்ரா டைம்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கடைசி விடையைப் பாதியில் நிறுத்தித் தாளை வாங்கிக்கொண்டார்கள். பெயரெல்லாம் சரியாக எழுதினேனா என்று ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னார் அக்கா. அதற்கும் நேரம் இல்லை.

அந்தக் கண்காணிப்பாளர் யாரையும் பாகுபடுத்தியதாக நினைத்திருக்க மாட்டார். எல்லோருக்கும் மூன்று மணி நேரம், இவருக்கும் மூன்று மணி நேரம். சமமாகத்தான் நடத்தினார். அந்தச் சமத்தால் ஒரு மாணவியின் கடைசி விடை பாதியில் நின்றுபோனது. 2013 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்றது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். அந்த அறையில் எங்களுக்குக் கிடைக்காமல் போன நேரம் அதுதான்.

சட்டத்தின் மொழியில் இதற்குள்ள பெயரை நான் ‘நியாயமான மாற்றேற்பாடு’ என்று சொல்கிறேன். சில அரசு ஆவணங்களில் ‘இடவசதி’ என்று வருகிறது, அதில் பொருள் கெட்டுவிடுகிறது. இடம் தருவது பற்றிய பேச்சு அல்ல இது. ஒரு வேலையோ படிப்போ நடக்கும் விதத்தை ஒருவருக்காக மாற்றி அமைப்பது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் முதுகெலும்பு என்று இந்த ஒரு கருத்தையே சொல்வேன். பழைய சட்டத்தின் ஏழு வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது, 3 சதவீதத்தை 4 ஆக்கியது, உயர்கல்வியில் 5 சதவீதம் கொடுத்தது என்றுதான் எல்லோரும் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். அவற்றைவிட ஆழமான மாற்றம் வரையறைப் பகுதியில் இருக்கிறது. மாற்றேற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்கிறது அந்தப் பகுதி. கெட்ட எண்ணம் வேண்டாம், திட்டி வெளியே தள்ள வேண்டாம். செய்து கொடுத்திருக்கக்கூடியதைச் செய்யாமல் இருந்தாலே போதும், சட்டம் மீறப்பட்டுவிட்டது. எல்லை ஒன்றே ஒன்று: அந்த ஏற்பாடு நிறுவனத்தின் மேல் பொருத்தமற்ற பெரும் சுமையாக இருக்கக் கூடாது. சுமை என்று வாயால் சொன்னால் போதாது, அந்தக் குறிப்பிட்ட நேர்வில் அது சுமைதான் என்று காட்ட வேண்டும்.

இந்தக் கருத்து வந்த வழி நீளமானது. அமெரிக்காவில் ஜூடி ஹ்யூமன் என்ற பெண்ணுக்கு ஒன்றரை வயதில் போலியோ. பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று திருப்பி அனுப்பினார்கள். 1970-இல் அவரே ஆசிரியராக விண்ணப்பித்தபோது நியூயார்க் கல்வி வாரியம் மருத்துவப் பரிசோதனையில் தள்ளி, உரிமம் மறுத்தது. வழக்குப் போட்டு உரிமம் வாங்கினார். 1973-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் உடல் குறைபாட்டைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. ஆனால் அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு வருடம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் ஹ்யூமனும் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். மருந்து இல்லை, படுக்கை இல்லை, திரும்பிப் படுக்கவே ஆள் துணை வேண்டியவர்கள் பலர். பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது. அங்கே வளர்ந்த கருத்துதான் 1990-இன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் விரிந்து, 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையில் சேர்ந்து, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்ததால் நம் சட்டத்துக்குள்ளும் வந்தது.

நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று அரசு பாகுபாடு காட்டக் கூடாத காரணங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. உடல் குறைபாடு அதில் இல்லை. அதனால்தான் 2016 சட்டம் வெறும் நலத்திட்டச் சட்டமா, அதற்கும் மேலா என்ற கேள்வி நீதிமன்றத்தில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

தீர்த்து வைத்தது ஒரு பேனா. குடிமைப்பணித் தேர்வு எழுத வந்த மருத்துவப் பட்டதாரி ஒருவருக்கு எழுதத் தொடங்கினால் விரல்கள் இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு. சொல்வதை எழுத ஆள் கேட்டார். பார்வையற்றவர், மூளை முடக்குவாதம் உள்ளவர், குறைந்தது 40 சதவீதம் கை கால் இயக்கம் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு மட்டும்தான் அது உண்டு என்று 2018-இல் மத்தியத் தேர்வாணையம் மறுத்தது. அவர் 40-ஐத் தொடவில்லை. வழக்கு ஒதுக்கீட்டைப் பற்றியது அல்ல, எழுத ஒரு கை கேட்டதைப் பற்றியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்குப் பதில் சொன்னது. 40 சதவீதம் என்பது ஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கான வாசற்படி, மாற்றேற்பாடு பெறும் உரிமைக்கு அது வாசற்படி அல்ல. சட்டத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்ற வரையறைக்குச் சதவீதம் எதுவும் இல்லை. முறைகேடு நடக்கும் என்ற அச்சத்தை அரசு காட்டியது. சிலர் ஏமாற்றக்கூடும் என்பதற்காக உண்மையாகவே தேவைப்படுபவர்களின் உரிமையைப் பறிக்க முடியாது என்று அமர்வு மறுத்தது. அதே தீர்ப்பில், சுரேந்திர மோகன் தீர்ப்பு மாற்றேற்பாடு என்ற கோட்பாட்டையே கணக்கில் எடுக்கவில்லை, ஆகவே அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னது. நம் ஊரில் 2014-இல் வைத்த அந்த 40–50 இடுக்கு அன்று சட்ட வலுவை இழந்தது. அதை எதிர்த்துப் போராடியவருக்கு வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருடம், இருபது நாள் வித்தியாசம்.

முறைகேடு பற்றிய அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. எழுத வருபவரே விடையும் சொல்லிக்கொடுக்கும் மோசடிகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதைத் தடுக்க வைத்த வழியைப் பாருங்கள். சொந்தமாக ஆள் கொண்டுவந்தால் தேர்வரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. வரலாற்றுக்கு இது ஓடும். இயற்பியல் முதுகலை மாணவருக்கு? தொகையீட்டுக் குறியை எங்கே போடுவது, மேலே எது கீழே எது என்று தெரியாதவர் எழுதினால், சரியாகச் சொன்ன விடை தப்பாகத் தாளில் இறங்கும். கணினியைத் தந்து தானே தட்டச்சு செய்யவிட்டால் மோசடிப் பயமும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. தேர்வு மையத்தில் ஒரு கணினியும் ஒரு ஹெட்போனும் இருந்தால் போதும்.

கல்வியில் இந்த எண் விளையாட்டின் உச்சம் மருத்துவப் படிப்பில் நடந்தது. பேச்சு, மொழிக் குறைபாடு உள்ளவர் 40 சதவீதம் இருந்தால்தான் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கு உரியவர். அதே 40 சதவீதம் இருந்தால் எம்.பி.பி.எஸ். படிக்கத் தகுதியற்றவர் என்றது விதி. கதவும் பூட்டும் ஒரே எண். 44–45 சதவீதம் என்று சான்று பெற்ற மாணவர் ஒருவர் 2024-இல் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் இன்னொரு மருத்துவக் குழுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இவரால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா? முடியும் என்று குழு சொன்னது. எண் மட்டும் ஒருவரைத் தகுதியற்றவராக்காது, அவரால் படிக்க முடியுமா என்பதை ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று 2024 அக்டோபர் 15 அன்று தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி. விஸ்வநாதன். விபத்தில் காலை இழந்த பிறகும் மேடையேறிய பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரனை அந்தத் தீர்ப்பில் அவர் நினைவுகூர்ந்தார். நான்கு மாதம் கழித்து, மருத்துவம் படிக்க இரண்டு கைகளும் குறையின்றி, உணர்ச்சியோடும் வலுவோடும் இருக்க வேண்டும் என்ற இன்னொரு விதியையும் அவர் எழுதிய தீர்ப்பு கடுமையாகக் கண்டித்தது. அந்த விதி உடல் குறைபாடு உள்ளவரைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மையிலிருந்து வந்தது என்றார்.

தீர்ப்புகள் நல்லவை என்பதால் தேர்வு அறை மாறிவிடவில்லை. எழுத்தாக்கக் குறைபாடு உள்ள மாணவி ஒருவருக்கு 2021 நீட் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். மையத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று ஏற்றுக்கொண்டது. மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை, எப்படிச் சரிசெய்யலாம் என்று தேசியத் தேர்வு முகமையையே யோசிக்கச் சொன்னது. நாடு முழுவதும் பதினைந்து லட்சம் பேர் எழுதும் தேர்வில் ஒருவருக்கு மட்டும் மறுபடி நடத்துவது சிக்கல்தான். ஆனால் இழந்த அறுபது நிமிடத்தைத் திருப்பித் தரும் வழி எந்தத் தீர்ப்பிடமும் இல்லை. இந்த உரிமை மீறப்பட்ட பிறகு ஈடு செய்ய முடியாத வகையைச் சேர்ந்தது, அந்த நேரத்தில் அந்த அறையில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே உயிரோடு இருக்கும். தெரியாத இடத்தில் சட்டம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

நீதிபதிப் பணிக்கே திரும்ப வருகிறேன். மத்தியப் பிரதேச நீதித்துறைப் பணி விதிகளில் பார்வையற்றவர்களையும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் அடியோடு விலக்கிய விதி ஒன்று இருந்தது. நீதிபதியாக விரும்பிய பார்வையற்ற ஒருவரின் தாய் 2024-இல் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. உடல் குறைபாட்டை மட்டுமே காரணமாகக் காட்டி யாருக்கும் நீதித்துறைப் பணிக்கான வாய்ப்பை மறுக்க முடியாது என்றது. உடல் குறைபாட்டின் அடிப்படையில் பாகுபடுத்தப்படாமல் இருக்கும் உரிமையை அடிப்படை உரிமைக்கு இணையாகக் கருத வேண்டும் என்றும் சொன்னது. 15-ஆம் பிரிவின் பட்டியலில் இல்லாத சொல்லுக்கு அந்தத் தீர்ப்பு பக்கத்தில் ஓர் இடம் போட்டுக் கொடுத்தது. அமர்வின் தீர்ப்பை எழுதிய மகாதேவன், 2014 விளம்பரம் முதலில் சவாலுக்குள்ளான அதே சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போனவர்.

இவை எல்லாம் அரசு வேலை, அரசுத் தேர்வு. தனியார் பக்கம் வந்தால் பேச்சு சுருங்கிவிடுகிறது. அங்கே ஒதுக்கீடு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் என்னென்ன வசதி செய்து தருகிறோம் என்பதை அதில் சொல்லி ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்கின்றன சட்டமும் விதிகளும். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. கோவையிலோ திருப்பூரிலோ ஓசூரிலோ ஒரு நடுத்தர நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் இந்தக் கொள்கையைக் கண்டவர்கள் எத்தனை பேர்? நேர்காணலில் “அப்புறம் சொல்றோம்” என்று அனுப்பிவைக்கப்பட்டவர், தன்னை ஏன் எடுக்கவில்லை என்று நிரூபிக்க முடியாது. காரணத்தை நிறுவனமே எழுத்தில் தர வேண்டும் என்ற கட்டாயம் வராதவரை, தனியார் வேலைவாய்ப்பில் இந்தச் சட்டம் வேலைக்கு உள்ளே வந்துவிட்டவர்களுக்குத்தான் ஓரளவு பயன்படும். வாசலில் நிற்பவர்களை அது எட்டவில்லை. மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் பரிந்துரைப்பார், ஏற்காதவர் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். பரிந்துரைக்கும் ஆணைக்கும் உள்ள தூரம் வேலை தேடும் ஒருவருக்கு மிக நீண்டது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி, தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். இவ்வளவு பேருக்கும் அரசு வேலை பதிலாக முடியாது.

மாற்றேற்பாடு என்றதும் செலவு என்ற பேச்சு வருகிறது. லிஃப்ட், சாய்தளம் போன்றவற்றுக்குச் செலவு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்வையற்ற ஊழியருக்கு வேண்டிய முதன்மையான கருவிக்கு விலையே இல்லை. என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடரை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கினார்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் இருப்பதை வாசிக்கும், தமிழும் வாசிக்கும். ஒரே நிபந்தனை, திரையில் இருப்பது யூனிகோடாக இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு அலுவலகத்தில் உதவியாளர். முழுவதும் பார்வையற்றவர், ஒதுக்கீட்டில் வந்தவர். யூனிகோடைப் பயன்படுத்தச் சொல்லி 2010-லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது. அவர் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி இன்னும் வானவில்லிலும் பாமினியிலும் அடித்தவை. அந்த எழுத்துருக்கள் தமிழ் எழுத்தைத் தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகின்றன, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து ஹெட்போனைக் கொடுத்தார். பாமினியில் ‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் கர்சரை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினார். “ஜே. கே. பி. ஓ. செமிகோலன்” என்றது குரல். ஒரு பக்கக் கடிதம் முழுக்க இப்படித்தான். ஸ்கேன் செய்து படமாக வரும் அரசாணைகளில் குரல் அதுகூடச் சொல்வதில்லை, காலிப் பக்கம் என்று தாண்டிப் போய்விடுகிறது.

பிரிவில் சொல்லிப் பார்த்திருக்கிறார். “பழகிப்போச்சு சார், எங்களுக்கு இதுலதான் வேகமா வரும்” என்றார்கள். மேலதிகாரி நல்லவர், கோப்பு பார்க்கும் சிரமம் வேண்டாம், தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் மறுத்துவிட்டார். எழுத்துருவை மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றைத் தானே தேடிப் பிடித்து, முந்தின நாள் வந்த கோப்புகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்டி யூனிகோடாக்கி வைத்துக்கொள்கிறார். படமாக வந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்து, யாராவது வந்ததும் படிக்கச் சொல்கிறார். அலுவலகம் பத்து மணிக்கு. அவர் ஒன்பது மணிக்கே வந்து கதவு திறக்கக் காத்திருக்கிறார்.